அத்தா வைக்காத பெயர்

என் தங்கை சலாலாவுக்குப் பையன் பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே அத்தா சொன்னார், பிள்ளைக்குத் தென்காசி என்று பெயர் வைக்கலாம் என்று. அம்மா பிளாஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சலாலா மட்டும் சிரித்த மாதிரி இருந்தது. ஊசி மயக்கமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தா உரித்த சுளைகளை ஒரு மூடியில் வரிசையாக வைத்தார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் பெயர்கள் ஊர்களாக இருப்பதற்கு அவர்தான் காரணம். நான் பிறந்தபோது அத்தா ஷார்ஜாவில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் வளைகுடாவில் இருக்கும் ஆண்கள் பிள்ளையின் பெயரை போனில் சொல்லி அனுப்புவார்கள். மற்றவர்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோ புத்தகத்தைப் பார்த்தோ சொன்னார்கள். அத்தா தான் நின்றுகொண்டிருந்த இடத்தைச் சொன்னார். அப்படி நான் ஷார்ஜா ஆனேன். மூன்று வருஷம் கழித்துத் தங்கை பிறந்தபோது அவர் ஓமானில் சலாலாவில் இருந்தார். அங்கேயும் ஆடி மாதம் நம் குற்றாலம் மாதிரியே சாரல் விழும் என்று போனில் சொன்னாராம். அவள் சலாலா ஆனாள். நான் பிறந்து இருபத்து மூன்று வருஷம் கழித்து, முட்டி இரண்டும் போன பிறகு, தென்காசிக்கே திரும்பி வந்தார். வந்து இரண்டு வருஷமாகிறது.

தங்கையின் மாப்பிள்ளை முஃபீத் குவைத்தில் இருக்கிறார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் பெயர் வைக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று மதியம் வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னபோது, மாமா சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

ஆக, தடுப்பதானால் நான்தான் தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏழாம் நாள் திங்கட்கிழமை. அன்று ஆட்களைக் கூப்பிட்டு, முடி இறக்கி, பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கையில் நான்கு நாட்கள் இருந்தன.

நான் மேலகரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை மற்றவர்களுடைய பெயர்களைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம். ஆறு மணிக்குத் தென்காசியில் குரூப் டூ தேர்வுக்கான மாலை வகுப்பு. அங்கே விஜயசங்கர் சார் முதல் பதினைந்து நிமிஷம் எங்களை நாட்குறிப்பு எழுத வைப்பார். விரிவாக எழுதும் தேர்வுக்குக் கை ஓடவேண்டும் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. இது நாலாவது நோட்டு.

அன்று மாலை நோட்டில் என் பெயரால் எனக்கு நேர்ந்தவற்றை எழுத ஆரம்பித்தேன். மூன்று பத்திகள் பிரித்தேன். பெயரால் வந்தது. பெயரால் வந்ததோ என்று சந்தேகம். பெயருக்குச் சம்பந்தமில்லாதது.

முதல் பத்தியில் பள்ளிக்கூடம் வந்தது. எங்கள் பக்கத்து ஜூஸ் கடைகளில் எல்லாம் ஷார்ஜா ஷேக் உண்டு. குளிர்ந்த பாலும் பழமும் அடித்துத் தருவது. நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கு எதிரே ஒரு கடை வந்தது. பலகையில் என் பெயரும் விலையும் இருந்தன. அதற்குப் பிறகு வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் என் பெயரைச் சொன்னதும் பின் வரிசையிலிருந்து, ஐஸ் போட்டா போடாமலா என்று ஒரு குரல் வரும். டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் அதட்டுவார். பத்தாம் வகுப்பு வரை ஐஸ் கேட்டார்கள். விலை ஏற ஏற என்னிடம் வந்து சொல்லுவார்கள்.

இரண்டாம் பத்தியில் போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா தேநீரை எடுத்துக்கொண்டே, விசா இல்லாமலே ஷார்ஜாவுக்குப் போயிறலாம் போலயே என்றார். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நகை பேச்சில் நின்றது என்று அம்மா சொல்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அதை முதல் பத்தியில் எழுதவில்லை.

மூன்றாம் பத்தியில் எழுத ஒன்றுமே தோன்றவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசாமல் இருப்பது பெயருக்குச் சம்பந்தமில்லாததுதானா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன்.

என் ஒருத்தியை வைத்து முடிவு செய்வது சரியில்லை என்று தோன்றியது. வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் நல்லகண்ணு இருக்கிறான். ஆய்க்குடிக்காரன், இருபத்திரண்டு வயதுக்குத் தாத்தா காலத்துப் பெயர். அவனிடம் இடைவேளையில் கேட்டேன், இந்தப் பெயரால் உனக்கு என்ன கஷ்டம் என்று.

"கஷ்டமா? போன்ல எல்லாம் ரொம்ப மரியாதையாப் பேசுதாவக்கா," என்றான். "நல்லகண்ணு ஐயாவா, சொல்லுங்க ஐயான்னு. நேர்ல போய் நின்னா, ஏலே அவுகள வரச் சொல்லுங்காவ."

பெயரை மாற்ற நினைத்தது உண்டா என்று கேட்டேன். பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு பெண்ணிடம் தன் பெயர் நவீன் என்று சொல்லியிருந்தானாம். மூன்று மாதம் அவள் நவீன் என்று கூப்பிட்டாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இவன் திரும்பாமல் போய்விட்டான். அதோடு முடிந்தது என்றான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

வெள்ளிக்கிழமை சலாலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் காகித வேலை எல்லாம் என் பொறுப்பு. பெயரை இப்போது எழுதாவிட்டாலும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். அது எனக்கும் தெரியும். அப்படி விட்டுவிட்டுப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் ஓடி வருகிறவர்களை வாரம் நாலு பேரைப் பார்க்கிறேன். அதனால் காலியாக விடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

நான் முந்தின நாளே வேலை செய்யும் இடத்தில் ஜனவரியிலிருந்து வந்த விண்ணப்பங்களைப் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் ஆட்களின் ஆண் பிள்ளைப் பெயர்களை எண்ணினேன். இருபது தடவைக்கு மேல் வருவது வேண்டாம், வகுப்பில் நாலு பேர் இருப்பார்கள். ஐந்து தடவைக்குக் கீழே வருவதும் வேண்டாம். ஹாரிஸ் ஒன்பது தடவை வந்திருந்தது. ஒன்பது பேருக்கு இருக்கும் பெயரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முகம்மது ஹாரிஸ் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கையெழுத்து மட்டும் சலாலாவுடையது வேண்டும். அவள் ஆட்டோவில் ஏறும் அவசரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படிக்காமலே போட்டாள். நான் எங்கே போடச் சொன்னாலும் அவள் போடுவாள்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மேலகரம் வரை கூட வரவில்லை. திங்கட்கிழமை ஆட்கள் முன்னால் அத்தா தென்காசி என்று சொல்லப்போகிறார். காகிதத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதற்குள் அவரிடம் சொல்லியாகவேண்டும்.

சனிக்கிழமை சொல்லவில்லை. மூன்று தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனேன். சீசன் மாதங்களில் அத்தா பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு சிப்ஸ் கடையில் உட்காருகிறார். கடை அவருடைய சிநேகிதருடையது. நேந்திரம் சிப்ஸைப் பொட்டலம் போட்டு வாயை மிஷினில் ஒட்டிக் கொடுக்கும் வேலை. அன்று மலையில் பெருமழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. குளிக்கக்கூடாது என்று போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு ஜனங்கள் சாலை நெடுக நின்றார்கள். யாரும் எதுவும் வாங்கவில்லை. மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் அத்தாவிடம் வந்து எப்போது திறப்பார்கள் என்று கேட்டார்.

"சாவி என்ட்ட இல்ல அண்ணாச்சி," என்றார் அத்தா. அந்த ஆள் சிரித்துவிட்டு ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பார்த்ததும் அத்தா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஐந்து வரியாக ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். சீட்டை வெளியே எடுக்கவில்லை.

"அத்தா, படிவத்துல பேரு எழுதிக் குடுத்துட்டேன்."

"முன்னால முகம்மது போட்டியா?"

"போட்டேன். ஆனா தென்காசின்னு எழுதல. ஹாரிஸ்னு எழுதிட்டேன்."

அவர் கையிலிருந்த பொட்டலத்தை ஒட்டி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"சலாலா சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீட்டில் இருந்ததை வரிசையாகச் சொல்லியிருப்பேன். கேட்காததால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பஸ்ஸில் கண்டக்டர்கள் தென்காசி தென்காசி என்று கூவுவதில் தொடங்கினேன். காசி என்று முடிவதால் இது பள்ளிவாசல் தெருவில் ஒரு பேச்சாகும், கோயில் தெருவில் ஒரு பேச்சாகும் என்றேன். எங்கே போனாலும் ஊரைக் கேட்கவில்லை பெயரைக் கேட்டேன் என்பார்கள் என்றேன். அத்தா, கேட்டால் கேட்கட்டுமே என்றார். வெள்ளைக்காரன் பிள்ளைகளுக்கு எல்லாம் ஊர்ப் பெயர் வைக்கிறான் என்றும் சொன்னார்.

அப்போதுதான் ஜூஸ் கடையைச் சொன்னேன். இருபத்தைந்து வருஷத்தில் அவரிடம் அதைச் சொன்னது அன்றுதான். ஐஸ் போட்டா போடாமலா என்று கேட்டதைச் சொன்னேன். டீச்சர் சிரித்ததைச் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அந்தப் பெரியப்பா சொன்னதையும் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லச் சொல்ல, எல்லாமே சின்ன விஷயங்களாகத்தான் எனக்கே கேட்டன. இதற்காகவா ஒரு பெயரை மாற்றினேன் என்று பாதியில் தோன்றியது. நிறுத்திவிட்டேன்.

அத்தா வேலையை நிறுத்தியிருந்தார். பொட்டலத்தின் வாய் திறந்தே இருந்தது.

"இத ஏன் என்ட்ட சொல்லவே இல்ல?"

"வாரத்துக்கு நாலு நிமிஷம் பேசுவிய. அதுல ஸ்கூல் ஃபீஸு, அம்மாவுக்கு ஒடம்புன்னு போயிரும். இத எங்கன சொல்ல?"

அவர் தலையை ஆட்டினார். கயிற்றுக்கு அப்பால் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார். கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டு மறுபடி முன்னால் வந்தது.

"நான் அங்கன இருக்கும்போது என்ன நெனச்சேன்னா," என்றார் அத்தா, "பேரு வேற ஏதாச்சும் வச்சா, ஒங்கம்மா அந்தப் பேரத்தான் கூப்பிடுவா. ஷார்ஜான்னு வச்சா, ஒரு நாளைக்கு அம்பது தடவ நான் இருக்க எடத்தச் சொல்லுவா. ஏட்டி ஷார்ஜா, ஏட்டி ஷார்ஜான்னு. வீட்டுல என் ஞாவம் இருந்துட்டே இருக்கும்லா." திறந்திருந்த பொட்டலத்தின் வாயை மடக்கிக்கொண்டு, "இவன்தான் நான் இங்கன இருக்கையில பொறந்த மொதப் பிள்ள," என்றார்.

படிவத்தைத் திரும்ப வாங்கி மாற்றலாம், இன்னும் நாள் இருக்கிறது என்றேன். நான் உண்மையாகவே அதைச் சொன்னேனா, அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று தெரிந்து சொன்னேனா என்பதை அன்று மாலை நோட்டில் எழுதிப் பார்த்தேன். முடிவாகத் தெரியவில்லை.

"வேண்டாம். நல்ல பேருதான்," என்றார் அத்தா. "நீ படிச்சவ. பாத்துத்தான் வச்சிருப்ப." பிறகு மிஷினில் பொட்டலத்தின் வாயை வைத்து அழுத்தினார். போகும்போது அம்மாவுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லவும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடி இறக்கினார்கள். ஹஜ்ரத் துஆ ஓதினார். பக்கத்து வீட்டு நூர்நிஷா மாமி பிள்ளையைக் குளிப்பாட்டி அத்தாவின் மடியில் வைத்தார். அத்தா குனிந்து வலது காதில் முகம்மது ஹாரிஸ் என்று மூன்று தடவை சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். தெளிவாகக் கேட்டது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் தன் விவரத்தைக் கேட்கும்போது ஒப்பிப்பாரே, அந்தக் குரல். நூர்நிஷா மாமி, இந்த வீட்டுல இப்பத்தான் ஆளுக்கு வைக்கிற பேரா வச்சிருக்கீங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சலாலாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சலாலா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டியாக்கா?"

"நீ அன்னைக்கு மயக்கத்துல இருந்த."

"மூணாம் நாள் என்ன மயக்கம்? அத்தா சொன்னதும் நான் சிரிச்சேன். நீ என்னயப் பாத்துட்டுத்தான் இருந்த."

அந்தப் பெயரை வைத்தால் அவன் படும் பாடு உனக்குத் தெரியாது என்றேன். அதைச் சொன்னவுடனேயே தவறு என்று தெரிந்தது. அவளுக்கும் அதே அத்தாதான் அதே மாதிரிப் பெயரை வைத்தார்.

"எனக்கு என் பேரு பிடிக்கும்," என்றாள். "கேக்குதவங்க எல்லாம் என்ன பேரும்மா இதுன்னு நின்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன், அங்கனயும் சாரல் விழும்னு. அவரு என்னயக் கட்டிக்கிட்டதே அந்தப் பேரக் கேட்டுட்டுத்தான். ஒன் நோட்ட நேத்து பாத்தேன். நல்லகண்ணுக்கு ஒரு பக்கம் இருக்கு. எனக்கு எங்கன இருக்கு?"

நான் நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருத்தியை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன். கணக்கில் இதைவிடப் பெரிய தப்பு இருக்காது. இன்னும் மாற்றலாம், நானே போய் மனு கொடுக்கிறேன் என்றேன்.

"அத்தா வாயால ஹாரிஸ்னு சொல்லியாச்சு. இனி அதான்," என்று அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. சலாலா ஹாரிஸ் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அம்மாவும் பழகிவிட்டாள். முஃபீத் போனில் ஹாரிஸ் எங்கே என்று கேட்டார். பள்ளியில் யாரும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது உறுதியாகிவிட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கவேண்டும்.

அத்தா அவனை ஏலே என்றுதான் கூப்பிட்டார். எங்கள் ஊரில் எந்தப் பையனையும் அப்படிக் கூப்பிடலாம். அதில் ஒன்றும் வித்தியாசம் இல்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு வாரம் கவனித்தேன். காலையில் நான் கிளம்பும் வரை, மாலை வகுப்பு முடிந்து வந்த பிறகு. ஏழு நாளில் ஒரு தடவைகூடப் பெயர் வரவில்லை. அவர் கோபத்தில் இருப்பதாகவும் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்குகிறார், குளிப்பாட்டக் கொடுக்கிறார், வெயிலில் காட்டுகிறார். பெயர் மட்டும் வரவில்லை.

ஒன்றரை மாத ஊசி போட வேண்டிய புதன்கிழமை சலாலாவுக்குக் காய்ச்சல். அம்மா அவளோடு இருக்கவேண்டியிருந்தது. எனக்கு வேலையில் லீவு இல்லை. அத்தா தான் கொண்டுபோவதாகச் சொன்னார். தடுப்பூசி அட்டையைக் கவரில் போட்டு, பாட்டிலில் பால் ஊற்றி, சுகாதார நிலையத்தில் முதலில் அட்டையைக் கொடுக்கவேண்டும், பிறகு கூப்பிடும்வரை உட்காரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மதியம் ஒன்றரைக்கு அவர் என் வேலை இடத்துக்கே வந்தார். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையின் ஒரு பக்கம் ஈரம்.

"கூப்பிடவே இல்லட்டி," என்றார். "எனக்குப் பின்னால வந்ததெல்லாம் ஊசி போட்டுட்டுப் போயிட்டு. இப்ப நேரம் முடிஞ்சிட்டாம். அட்டையைத் தூக்கிக் கையில குடுத்துட்டா."

எனக்குக் கோபம் வந்தது. அங்கே வேலை செய்யும் நர்ஸ் ஷெர்லின் என்னோடு பள்ளியில் படித்தவள். உடனே போன் செய்தேன். காலையிலிருந்து காத்திருந்த ஒரு வயசாளியை இப்படித்தான் அனுப்புவதா என்று கேட்டேன்.

"நாலு தடவ கூப்பிட்டேன்," என்றாள் ஷெர்லின். "முகம்மது ஹாரிஸ், முகம்மது ஹாரிஸ்னு வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டேன். ஒங்க அத்தாவா அது, பச்சைச் சட்டை போட்டவங்க? அவங்களும் சேந்து யாரு அந்தப் பிள்ளைன்னு சுத்திப் பாத்தாங்களே. பக்கத்துல இருந்த அம்மாட்ட ஒங்க பிள்ளையான்னு கேக்கவும் செஞ்சாங்க."

சரி என்று போனை வைத்தேன். அத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். இன்றைக்குக் கூட்டமாம், அடுத்த புதன்கிழமை வரச் சொல்கிறார்கள் என்றேன். அவர் நம்பினார் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார். எங்கள் முறை வந்தது. ஷெர்லின் உள்ளேயிருந்து முகம்மது ஹாரிஸ் என்று கூப்பிட்டாள். அத்தா படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடனே எழுந்திருக்கலாம். எழவில்லை. எதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அத்தா பக்கத்தில் இருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்மளத்தான் அத்தா," என்றேன்.

"ஆமா, ஆமா," என்று அவசரமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடந்தார்.

ஊசி போட்டு வெளியே வந்தோம். பிள்ளை அழுது ஓய்ந்திருந்தது. ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை நடக்கவேண்டும். போன வாரமும் கூப்பிட்டார்கள் இல்லையா என்று அத்தா கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள்ளே நீங்கள் தென்காசி என்றே கூப்பிடுங்கள், வெளியில் மட்டும் ஹாரிஸ் இருக்கட்டும், எத்தனையோ வீட்டில் அப்படி இருக்கிறது என்றேன். இதை நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன்.

"ரெண்டு பேரு வேண்டாம்ட்டி," என்றார். "ஒத்தப் பேருக்கே நீ அவ்வளவு பட்டிருக்க."

நான் குடையை அவர்கள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. ஓதுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போனபோது தெரிந்தது. பிள்ளையின் தலைக்கு மேல் குனிந்து, ஹாரிஸ், ஹாரிஸ் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். அடிக்கு ஒன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு தடவை தப்பி ஏலே என்று வந்துவிட்டது. நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.